எடுத்தாச்சா

பத்மப்ரியா மேஜைக்கடியில் குனிந்து ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டும். கம்ப்யூட்டர் மேஜை நந்தி மாதிரி நடுவில் நின்றது. ஒரு ஒயர் மட்டும் வருவேனா என்றது.

"அறுத்துக் களை அக்கா" என்றான் தம்பி கைலாஷ். விடிகாலையில் அப்பா போனதிலிருந்து அவன் வாயைத் திறந்ததே இதற்குத்தான்.

அப்பா சாம்பசிவனுக்குக் கடைசிக் காலத்து வைராக்கியம் இந்தக் கம்ப்யூட்டர். இதில் புது விண்டோஸ் ஏறாது, வேறு வாங்குங்கள் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். நன்றாக ஓடுவதை ஏன் களைய வேண்டும் என்று அவர் வீட்டையே ரெண்டாக்கினார். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம் என்றார் எதிர்வீட்டு மலையாளி ஜெயன். ஒரு மாதமாக ரெண்டு பேருக்கும் அதே பேச்சு. பென்டிரைவ் தயார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதென்று முடிவு. நாள் இன்றைக்கு. ஃபோட்டோக்களைப் பத்திரப்படுத்துவது மட்டும் மகள் வந்து செய்யட்டுமென்று விட்டிருந்தார்.

மெஷினை ஜெயன் வீட்டில் கொண்டுபோய் வைத்து, ஃபோட்டோக்களை நெட்டில் ஏற்றவிட்டாள். பழையதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அவள் ஃபோனுக்கு வரும். எல்லாம் அப்பா எடுத்தவை என்பதால் எதிலும் அப்பா கிடையாது. போன மாதம் சங்குமுகம் கடற்கரையில் அம்மா கேமராவைப் பிடுங்கி எடுத்த ஒன்றில் மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். நாளைய பேப்பருக்கும் ஃப்ரேமுக்கும் அதுதான் வேண்டுமென்று அம்மா சொல்லிவிட்டாள்.

"எல்லாம் எடுத்துட்டுச் சொல்றேன் மாமா. அதுக்கு முன்னாடி தொடாதீங்கோ."

"சாமி இன்னைக்குன்னு பறஞ்சது" என்றார் ஜெயன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்பா அவருக்கு எப்போதும் சாமிதான். "இன்னைக்கே போட்டுடுவேன் மோளே."

நெட் நகர்ந்தால்தானே. ஐஸ் பெட்டிக்காரன், சாஸ்திரிகள், காப்பி கேட்கிற அத்தை, எல்லோருக்கும் நடுவில் ஃபோனைப் பார்த்தாள். டிரான்ஸ்ஃபார்மர். இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர். யாருடைய கல்யாணமோ, பந்தி. கரண்ட் ஆபீசில் வேலை பார்த்த மனுஷன் வேறு எதைத்தான் படம் பிடித்தார் என்று எரிச்சல் வந்தது. போன மனுஷன்மேல் எரிச்சல் வருகிறதே என்று இன்னும் எரிச்சல் வந்தது.

மத்தியானம் அப்பாவைத் தூக்கியபோது ஜெயன் நிற்கமாட்டாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டார். ஆண்கள் வண்டியோடு போனார்கள். பெண்கள் ஹாலைக் கழுவிவிட்டார்கள். ஈரத்தரையில் நின்றுகொண்டு பத்மப்ரியா ஃபோனைத் திறந்தாள். மும்பையிலிருந்தும் இதே ஊர் ஆரியசாலையிலிருந்தும் வர முடியாதவர்கள் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தார்கள்: எடுத்தாச்சா? எடுத்தாச்சு, எடுத்தாச்சு என்று வரிசையாகத் தட்டினாள். ஜெயனும் கேட்டிருந்தார். அவருக்கும் தட்டினாள்.

சாயங்காலம் ஜெயனே மெஷினைச் சுமந்து வந்து மாட்டி ஆன் செய்தார். கண்மூடித் திறப்பதற்குள் புதுத்திரை வந்தது. பெயர் கேட்ட இடத்தில் சாம்பசிவன் என்று இருந்தது.

"பாரு, எத்ர ஸ்பீடு."

படங்கள் என்ற இடத்தைத் திறந்தாள். காலி. "நான் சொல்றதுக்கு முன்னாடி தொடாதீங்கோன்னேனே மாமா" என்றாள்.

"உன்கிட்ட கேட்டேனே மோளே. எடுத்தாச்சுன்னு நீதானே போட்டே?"

"அது… அப்பாவை, மாமா."

ஜெயன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "அந்தப் படம் எடுத்தாச்சாடி?"

பத்மப்ரியா ஃபோனை நீட்டினாள். கடைசியாக ஏறியிருந்தது சங்குமுகம்தான். காற்றில் புடவை பறக்க, கேமராவைக் கொடு என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள் அம்மா.

"இதுக்கு அடுத்தது" என்று அம்மா விரலால் தள்ளினாள். படம் கொஞ்சம் நகர்ந்து, திரும்ப அதே இடத்துக்கு வந்தது. அம்மா இன்னொரு தரம் தள்ளினாள்.