திங்கட்கிழமையே நடந்து முடிந்த வாரம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அறிவியல் புலத்துக்கு டீன் என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான்தான் அந்த டீன். உறுதியாகத் தெரிந்த ஒரே வேலை, வெள்ளிக்கிழமை மாலை 'இந்த வாரம் நம் வளாகத்தில்' என்று ஒரு மடல் எழுதி எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவது. யார் வந்தார், யார் பேசினார், யார் பரிசு வாங்கினார், எந்தக் கட்டடத்தில் குழாய் சரியானது என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

அதை ஊன்றிப் படிப்பவர்கள் மூன்று பேர். பிழை பார்க்கும் என் செயலாளர். தன்னைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடும் பதிவாளர். அப்புறம் என் மனைவி. அவள் கடைத்தெருவில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறாள். வாசிப்புக் கண்ணாடி வாங்க வருபவர்களிடம் என் மடலைக் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறாளாம்.

"ரெண்டாவது வரிக்கு மேல யாருக்கும் கண்ணு போக மாட்டேங்குதுங்க," என்றாள் ஒருநாள். "கோளாறு அவங்க கண்ணுலயா, உங்க எழுத்துலயான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள உயிர் போகுது."

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. வெள்ளிக்கிழமை மடலை நான் வெள்ளிக்கிழமை எழுதுவதில்லை. திங்கட்கிழமை காலையிலேயே, வாரம் முழுக்க நடந்து முடிந்துவிட்டது போல எழுதி வைத்துவிடுவேன். டீனின் வாரத்தில் எதிர்பாராதது எதுவும் நடக்காது. பாடத்திட்டக் குழு கூடும், காரசாரமாக விவாதிக்கும், முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கும். வெள்ளிக்கிழமை ஒரு பார்வை பார்த்து, யாருக்காவது கால் சுளுக்கியிருந்தால் அதைச் சேர்த்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை செயலாளர் விடுப்பு. அவரை வளாகமே அக்கா என்று கூப்பிடும். என்னைவிடச் சிறியவர், எனக்கும் அக்காதான். மடலை வெள்ளிக்கிழமைக்கு நேரம் குறித்து வைப்பது எப்போதும் அவர் வேலை. இதைக்கூடச் செய்யத் தெரியாதா என்று நானே செய்தேன். சற்று நேரத்தில் அக்கா போனில் வந்தார்.

"சார், இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள். ஏன் அக்கா?"

"ஒண்ணுமில்ல சார். வியாழக்கிழமை நடந்ததைப் படிச்சிட்டு இருந்தேன். லீவுல ரொம்ப நாள் தூங்கிட்டேனோன்னு நினைச்சேன்."

மடலைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் அப்போதே எல்லோருக்கும் போயிருந்தது. அதில் இருந்தது இதுதான்: புதன்கிழமை பெய்த இதமான தூறல் வளாகத்தைக் குளிர்வித்தது. அன்று மாலை நடந்த கயிறு இழுக்கும் போட்டியில் அலுவலக ஊழியர்கள் இயற்பியல் துறையை வென்றனர். வியாழக்கிழமை நத்தைகள் பற்றிய முதலுரையில் பெரிய மண்டபம் நிரம்பி வழிந்தது. இரண்டு இடங்களில் அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. முடிவில் பதிவாளர் மிகச் சுவாரசியமான கேள்வி ஒன்றைக் கேட்டார்.

அந்த முதலுரை விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகப் பேராசிரியர் ஆனவர்கள் பொதுமக்கள் முன் ஒரு முதலுரை ஆற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இந்த முறை ஆற்ற வேண்டியவள் என் மச்சினி, மனைவியின் தங்கை. நத்தை ஆராய்ச்சிக்காரி. மச்சினிக்குச் சலுகை காட்டிவிட்டேன் என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிடக் கூடாதே என்று, அவள் உரைக்கு ஒரு சுவரொட்டி கூட ஒட்ட விடவில்லை நான். அப்படி நீதிமான் வேடம் போட்டதில் மனசு உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு மருந்தாகத்தான் மண்டபத்தை நிரப்பி வழியவிட்டேன், காகிதத்தில்.

அன்று மாலை கண்ணாடிக்கடைக்குப் போனபோது மச்சினி அங்கே உட்கார்ந்திருந்தாள். மனைவி யாருக்கோ மூக்குத்தண்டை அளந்துகொண்டிருந்தாள்.

"வாங்க அத்தான்," என்றாள் மச்சினி. "நிரம்பி வழிஞ்சுதாமே."

"ஒரு சின்ன தப்பு நடந்து போச்சும்மா."

"போன வருஷம் இதே மண்டபத்துல வேற ஒரு உரை பேசினேன். யாரு வந்தா சொல்லுங்க."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் புருஷன், புரொஜெக்டர் போடுகிறவர், மழைக்கு ஒதுங்கிய ஒரு தம்பதி, நான். அதிலும் நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

"இந்த தடவையும் அப்படியே ஆச்சுன்னா மேடைப் பக்கமே வர்றதில்லைன்னு ஏற்கனவே முடிவு பண்ணியிருந்தேன். இப்போ அதைவிட மோசம் அத்தான். வர்ற நாலு பேரும் நிரம்பி வழிஞ்சுதுன்னு படிச்சிட்டு வருவாங்க. காலி நாற்காலியைப் பார்ப்பாங்க, என்னைப் பார்ப்பாங்க. அப்புறம் அது என்ன, ரெண்டு இடத்துல சிரிச்சாங்க? நத்தையில எந்த ரெண்டு இடம்?"

"மறுப்புச் செய்தி அனுப்பிடறேன்."

"என்னன்னு? மண்டபம் நிரம்பவில்லைன்னா?" என்றாள் மனைவி, அளவுகோலைக் கீழே வைக்காமலே. "நீங்க தயவுசெஞ்சு எதையும் அனுப்பாதீங்க. உங்க கை கம்ப்யூட்டர் பக்கமே போக வேண்டாம்."

அனுப்பவில்லை. பதிலாக, மறுநாள் ஒவ்வொரு துறையாகப் போய் வியாழக்கிழமை வரச் சொல்லி நேரில் அழைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் மடலை எல்லோரும் படித்திருந்தார்கள். வேதியியல் துறையில், "நாங்கதான் வந்துட்டுப் போயிட்டோமே சார், கூட்டத்துல பார்க்கலையா?" என்றார்கள். இயற்பியல் துறைத் தலைவர் என்னை உட்காரவே சொல்லவில்லை.

"நாங்க எப்படித் தோத்தோம்னு தெரிஞ்சுக்கலாமா? வழுக்கியா, இல்ல பலம் போதாமலா?"

அங்கிருந்து தப்பி வந்தால் என் அறையில் பதிவாளர். அவருக்கு நிபந்தனை என்று பட்டப்பெயர். எதற்குச் சம்மதித்தாலும், அது மகள் கல்யாணமாகவே இருந்தாலும், 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று சேர்த்துக்கொள்வார். அலுவலகத்தில் மட்டுமல்ல, குடியிருப்பிலும் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஓர் இடுப்பளவுச் சுவர்.

"சுவாரசியமான கேள்வி கேட்டேன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார். மன்னிக்கணும்."

"மன்னிப்பு இருக்கட்டும். என்ன கேள்வி?"

"நான் எழுதலையே."

"இவ்வளவு வருஷத்துல என்னை யாரும் சுவாரசியம்னு எழுத்துல போட்டதில்லை டீன். என் வீட்டுல அந்த மடலை எடுத்து வச்சிருக்காங்க. இப்போ நான் கேட்டாகணும். நத்தையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" உண்மையிலேயே கவலையாக இருந்தார். போகும்போது நூலகத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

புதன்கிழமை மதியம் தூறல் போட்டது. இதமாகத்தான் இருந்தது. ஆட்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு என் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மாலையில் கயிறு இழுக்கும் போட்டிக்கு என்றைக்கும் இல்லாத கூட்டம். இயற்பியல்காரர்கள் செருப்பைக் கழற்றி, உராய்வு விதிகளை எல்லாம் கணக்கில் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெயித்துக்கொண்டும் இருந்தார்கள். அப்போது கூட்டத்தில் யாரோ, "விடுங்கப்பா, மடல்லயே வந்தாச்சு," என்றார். முன்வரிசையில் நின்ற துறைத் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கயிறு இழுக்க எந்த விஞ்ஞானத்திலும் வழியில்லை. மொத்தத் துறையும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தது.

அதற்கப்புறம் வளாகத்தில் வேறு பேச்சே இல்லை. வியாழக்கிழமை மண்டபம் நிரம்புமா, நிரம்பாதா?

நிரம்பியது. நிரம்புமா என்று பார்க்க வந்தவர்களாலேயே நிரம்பியது. படிக்கட்டில் உட்கார்ந்தார்கள், ஜன்னல் திண்டில் ஏறினார்கள். வழியவும் வேண்டுமே என்று சிலர் வேண்டுமென்றே வெளியில் நின்றார்கள். மேடைக்குப் பின்னால் மச்சினி தண்ணீர் பாட்டிலை மூடவும் திறக்கவுமாக இருந்தாள்.

"பார்த்தியா, எவ்வளவு கூட்டம்," என்றேன்.

"இவங்க நத்தைக்கு வரலை அத்தான். உங்களை வேடிக்கை பார்க்க வந்திருக்காங்க. நான் வாயைத் திறந்த அஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிடுவாங்க. காலி மண்டபத்துல பேசறதே தேவலை, போறதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க."

"நான் தூங்க மாட்டேன்," என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடை ஏறினாள்.

முதல் வரியிலேயே தடுமாறினாள். நிறுத்தினாள். குறிப்புக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "இந்த உரை ஏற்கனவே சிறப்பா நடந்து முடிஞ்சிருச்சு," என்றாள். "அதனால நான் பயப்படறதுல அர்த்தமில்லை." மண்டபம் கொல்லென்று சிரித்தது. முதல் இடம்.

பிறகு நத்தைகளுக்கு வந்தாள். நத்தைக்கு வீடு முதுகில் இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கு ஊரும் உண்டு என்றாள். ஒரு தோட்டத்து நத்தையைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் விட்டால், அது மெல்ல மெல்லத் தன் தோட்டத்துக்கே திரும்பி வரும். இதைப் பார்ப்பதற்காக ஊழியர் குடியிருப்பில் நத்தைகளின் முதுகில் நகச்சாயத்தால் புள்ளி வைத்திருந்தாளாம், தோட்டத்துக்கு ஒரு நிறம். காணாமல் போன என் மனைவியின் நகச்சாயப் புட்டிகள் எங்கே போயின என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஜன்னல் திண்டில் இருந்தவர்கள் கூட இறங்கி முன்னால் வந்திருந்தார்கள்.

"கடைசியா ஒரு புதிர்," என்றாள். "ரெண்டு தோட்டத்து நத்தைங்க மட்டும் ஒரு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகுது, திரும்பி வருது, மறுபடி போகுது. ஆறு மாசமா இதே கதை. சிவப்புப் புள்ளி நத்தைங்க இந்தப் பக்கம், பச்சைப் புள்ளி நத்தைங்க அந்தப் பக்கம். வேற எங்கேயும் இப்படி இல்லை. எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியலை."

எனக்குக் காது சூடானது. கேள்வி நேரம் வந்தது. பதிவாளர் எழுந்து நின்றார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் கையில் நூலகத்தில் எழுதி வந்த துண்டுச்சீட்டு இருந்தது. அதைப் பார்த்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் தோட்டத்து நத்தைக்கு என்ன நிறம்மா?"

"சிவப்பு சார்."

"தினமும் காலையில நான் கீரைப்பாத்தியிலேர்ந்து நத்தையைப் பொறுக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் போடறேன். மறுபடி வந்துடுது. இவ்வளவு நாளா டீன்தான் திருப்பிப் போடறார்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுங்களா நடந்தா வருது?"

அப்போது நான் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்தேன். "சிவப்பை நான் தொடலை சார். நான் போட்டது என் தோட்டத்துப் பச்சை மட்டும்தான்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்ல முடியாது. சத்தம் அடங்கவே நேரமானது. மச்சினி மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சிரிப்பில்தான்.

"அந்தப் புதிருக்குக் காரணம் தேடி ஒரு கட்டுரையே எழுத ஆரம்பிச்சிட்டேன் சார்," என்றாள். "பரவாயில்லை. நான் தூக்கிட்டுப் போயி விடறதைவிட நிறைய தடவை நீங்க ரெண்டு பேரும் வீசியிருக்கீங்க. எல்லாம் திரும்பி வந்திருக்கு. எனக்கு இப்படி ரெண்டு உதவியாளர்கள் இருக்காங்கன்னே தெரியாம போச்சு."

"கட்டுரையில எங்க பேர் வருமா?" என்றார் பதிவாளர்.

"வரும் சார். நிபந்தனைகளுக்கு உட்பட்டு."

வெள்ளிக்கிழமை மாலை மடல் எழுத உட்கார்ந்தேன். எழுத எதுவும் மிச்சமில்லை. 'திங்கட்கிழமை அனுப்பியது அனைத்தும் சரி. ஒரே ஒரு திருத்தம்: அரங்கம் சிரித்தது இரண்டு இடங்களில் மட்டும் அல்ல' என்று எழுதி அக்காவிடம் கொடுத்தேன். மச்சினி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், வெளியில நின்னவங்க மறுபடி பேசச் சொல்றாங்க. அடுத்த மாசம் பேசறேன்னு போடுங்க."

"எப்படிப் போடட்டும்?"

"நடக்கப்போற மாதிரி," என்றாள். "கூட்டத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க ஒரு சுவரொட்டி ஒட்ட விடுங்க, அது போதும்."

மறுநாள் காலை தோட்டத்தில் என் ரோஜாத்தொட்டி மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பதிவாளரின் தலை தெரிந்தது.

"காலையில ஒண்ணு போட்டீங்களா சார்?" என்றேன்.

"ஆராய்ச்சிக்காகத்தான்," என்றார்.