நிழல்வெட்டி எத்தனை தரம் சுடும்?

அடி அண்ணாமலை ஊரில் பாஞ்சாலையின் டீக்கடையில் தினம் காலையில் போனில் விண்வெளி ஒலிக்கதை ஓடும். பறக்கும் கப்பல், வேற்றுக்கிரகத்து ராணுவம், நிழல்வெட்டி என்று ஒரு துப்பாக்கி. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நிலத் தரகர் தசரதனைத்தான் கேட்பார்கள். மூணாங்கிளாஸ் தாண்டாத ஆள், கப்பலுக்குக் கப்பல் குண்டுக் கணக்கு சொல்வார். அந்த மரியாதைக்காகவே ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

நிழல்வெட்டி ஏழு தரம் சுட்டால் ஆறவைக்கணும் என்றார் ஒருநாள். ஒன்பது என்றான் ஜெராக்ஸ் கடை மூர்த்தி. பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. தோற்றவன் கதை முடிகிறவரைக்கும் கடையில் வாயே திறக்கக்கூடாது. தசரதனுக்கு அது பட்டினி கிடப்பதைவிட ஜாஸ்தி.

மறுநாள் மூர்த்தி ஒரு காகிதத்தோடு வந்தான். கதையின் ரசிகர்கள் இணையத்தில் எழுதி வைத்திருக்கும் பக்கம். அதை அச்செடுத்து, நோட்டரி வக்கீலிடம் கையெழுத்தும் சீலும் வாங்கியிருந்தான். கடையே எட்டிப் பார்த்தது.

தசரதன் சீலைத் தொடக்கூட இல்லை. வக்கீல் காகிதத்தைத்தானே பார்த்தார், துப்பாக்கியையா பார்த்தார் என்று கேட்டார். பத்து கை மாறின நிலத்துக்கும் முதல் பத்திரம்னு ஒண்ணு இருக்கும்.

"தாய்ப்பத்திரம் எங்கடா?"

கதையையே இன்னொரு தரம் போட்டுக் கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூர்த்தி போனைத் தட்டினான். அந்தப் பக்கத்துக்கு ஆதாரம் வேறொரு பக்கம். அதற்கு ஆதாரம் யாரோ வரைந்த துப்பாக்கிப் படம். படத்துக்கு ஆதாரம், கதையின் நாலாம் பாகத்துக்கு அடியில் ஒரு ஆள் போட்ட கருத்து. பாஞ்சாலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"நிழல்வெட்டி ஒன்பது தரம் சுட்டுச்சு. என் காதால எண்ணினேன். நம்பாதவன் அடி அண்ணாமலைக்கு வந்து என்னைக் கேளு. இப்படிக்கு, நிலத் தரகர் தசரதன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"தாய்ப்பத்திரம் வந்துடுச்சு பெரியவரே. இதுக்கும் சீல் வாங்கியாரட்டுமா?" என்றான் மூர்த்தி.

போனில் வாயால் சொல்லி அதுவே எழுதிக்கொண்ட கருத்து. போன வருசம் போட்டதைத் தசரதன் சுத்தமாக மறந்திருந்தார். இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கடை வாசலோடு ஒரு சாவு ஊர்வலம் போனது. அப்புறம் வீட்டில் நிதானமாகக் கேட்டபோது ஏழுதான் எண்ணினார். தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளணும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கணும். டீ ஆறுகிற நேரம் யோசித்தார்.

"நாலாம் பாகத்தைப் போடு. மீதி ரெண்டும் சாவு வேட்டு."

போட்டார்கள். எல்லாரும் விரல்விட்டு எண்ணினார்கள். ஏழு. மூர்த்தி காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அந்தத் தசரதனை எனக்கு நல்லா தெரியும். அவன் சொன்னான்னு எவனும் நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஜெயித்த தெம்பில் தசரதன் இன்னொரு டீ கேட்டார்.

அடுத்த நாள் கதையில் புதுசாக ஒரு பீரங்கி வந்தது. ஆட்டோ அருள்ராஜ் பழக்கத்தில் தசரதன் பக்கம் திரும்பி, அது எவ்வளவு தூரம் பாயும் என்று கேட்டான். தசரதன் தொண்டையைச் செருமினார்.

"தாய்ப்பத்திரம் இருக்குதா?" என்றாள் பாஞ்சாலை, டீயை ஆற்றிக்கொண்டே.

பந்தயத்தில் ஜெயித்தவர் வாயை மூடிக்கொண்டார்.