ராசியில்லாதவர்களின் பிளாட்பாரம்

காலை எட்டு மணிக்கே ரஞ்சன் சந்தேஷ் டப்பாவோடு வாசலில் நின்றதைப் பார்த்ததும், இன்றைக்கும் தன்னை வெளியே அனுப்பத்தான் வந்திருக்கிறான் என்று சாவித்திரிக்குத் தெரிந்துவிட்டது. கல்கத்தா லேக் கார்டன்ஸில் அவர்கள் இருந்த நான்கு மாடிக் கட்டிடத்துக்கு ரஞ்சன்தான் கமிட்டிச் செயலாளர். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால்கூட போனிலேயே பேசி முடிக்கிறவன் நேரில் இனிப்போடு வருகிறான் என்றால் காரியம் பெரியது.

"தீதி, இன்னிக்கு ஃபைனல்," என்றான்.

"தெரியும்."

"அர்ஜென்டினா."

"அதுவும் தெரியும் ரஞ்சன். டப்பாவைக் குடுத்துட்டு விஷயத்தைச் சொல்லு."

அவன் டப்பாவைக் கொடுத்தான். விஷயத்தைச் சொல்லாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். சாவித்திரி ஒபொயா. ராசியில்லாதவர்களுக்கு வங்காளிகள் வைத்திருக்கும் பெயர் அது. கால்பந்து உலகக் கோப்பை வந்துவிட்டால் கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு ஒரே சட்டம்தான். கோல் விழுந்தபோது யார் எங்கே எப்படி உட்கார்ந்திருந்தார்களோ, கடைசிவரை அப்படியே இருக்க வேண்டும். மூத்திரம் முட்டினாலும் எழுந்திருக்கக் கூடாது. யார் உள்ளே நுழைந்ததும் எதிராளி கோல் போட்டானோ, அவர் வெளியே போய்விட வேண்டும். இதில் பெரியவர் சின்னவர், டாக்டர் வக்கீல் எல்லாம் கிடையாது.

சாவித்திரி ஒரு வங்கியில் அதிகாரி. சவூதி அரேபியாவோடு நடந்த முதல் மேட்சுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, இடைவேளை முடிகிற நேரத்தில் ஒரு சட்டி சுண்டலோடு கீழே கராஜுக்கு வந்தாள். கார்களை எல்லாம் தெருவில் தள்ளிவிட்டு, அங்கேதான் திரை கட்டியிருந்தார்கள். அர்ஜென்டினா ஒரு கோல் முன்னால் இருந்தது. அவள் வந்து உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள் சவூதிக்காரன் இரண்டு கோல் போட்டுவிட்டான். சுண்டலை ஒருவரும் தொடவில்லை. மெக்சிகோ மேட்சில் தண்ணீர் எடுக்க மாடிக்குப் போனாள், அர்ஜென்டினா கோல் போட்டது. போலந்து மேட்சில் அவள் உள்ளே இருக்கும்போது பெனால்டி வீணாயிற்று, வெளியே அனுப்பியதும் இரண்டு கோல். நெதர்லாந்தோடு இரண்டு கோல் முன்னால் இருந்தபோது, இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதிராளி இரண்டையும் திருப்பிப் போட்டு, பெனால்டிவரை போய்த்தான் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் பக்கம் வாதாட ஒன்றும் இருக்கவில்லை.

"நீயே சொல்லு, நான் என்ன மந்திரமா போடறேன்?" என்றாள் சாவித்திரி.

"எனக்கு நம்பிக்கை கிடையாது தீதி," என்றான் ரஞ்சன். "ஆனா எழுபது பேர் இருக்காங்க. எல்லாருக்கும் கிடையாதுன்னு எப்படிச் சொல்றது?"

உள்ளே அவள் கணவர் சீதாராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன்னா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டாள்.

"நான் என்னத்தைச் சொல்றது. எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது. ஆனா எனக்கு முன்வரிசையில நாற்காலி போட்டிருக்கா." அவர் தூங்கிக்கொண்டிருந்தபோதெல்லாம் அர்ஜென்டினா கோல் போட்டிருந்ததால், இறுதி ஆட்டத்திலும் அவர் தூங்க வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. அதற்காக மத்தியானம் அவருக்குத் தூக்கம் தடை செய்யப்பட்டிருந்தது.

மகள் ஸ்னேகாதான் அவளை மசியவைத்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம். முகத்தில் ஏற்கெனவே நீலமும் வெள்ளையும் பூசியிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ப்ளீஸ்மா, இன்னிக்கு மட்டும்," என்றாள். சாவித்திரிக்குச் சுருக்கென்றது. அவளைப் பத்து வயதில் மடியில் உட்காரவைத்து, அந்த நீல வெள்ளைச் சட்டையைக் காட்டிக் கொடுத்ததே இவள்தான்.

சாவித்திரிக்கு ஓர் ஆசை இருந்தது. அது யாருக்கும் தெரியாது. எண்பத்தாறில் அர்ஜென்டினா ஜெயித்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. பக்கத்து வீட்டு டிவியை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முழுவதும் பார்த்தாகிவிட்டது. கோப்பையைக் கையில் வாங்கித் தலைக்குமேல் தூக்கப் போகிற அந்த நொடியில் லோட் ஷெட்டிங். கரண்டு போய்விட்டது. முப்பத்தாறு வருஷமாக அந்தத் தூக்கிய கைகளை நேருக்கு நேர் பார்க்கக் காத்திருக்கிறாள். இதை ரஞ்சனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எண்பத்தாறிலேயே இப்படி ஒரு சங்கதி உண்டு என்று தெரிந்தால், அவளை ஊரைவிட்டே அனுப்பியிருப்பார்கள்.

"போறேன், எங்கயாவது ஸ்டேஷன் பக்கம்," என்றாள் கடைசியில். "ஆனா சந்தேஷ் பழசா இருக்கு. அடுத்த தடவை நல்லதா வாங்கிண்டு வா."

ராத்திரி எட்டரை மணி ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். போனை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. கராஜின் கதவைத் தாண்டும்போது எழுபது பேரும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். கோபமாகத்தான் நடந்தாள். தெருமுனை திரும்பியதும் அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

தெருவில் ஒருவரும் இல்லை. டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கரியாஹாட்டுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போகிற கூட்டம் இந்நேரம் ஆட்டோவுக்கு அடித்துக்கொண்டிருக்க வேண்டும். டாலிகஞ்ச் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் டிரைவர் இல்லை. டீக்கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கடைக்காரர் இல்லை. தலைக்குமேல் வீட்டுக்கு வீடு கட்டிய நீல வெள்ளைத் தோரணங்கள் மட்டும் காற்றில் சரசரத்தன. அவள் பிறந்து வளர்ந்த ஊர். ஐம்பது வருஷத்தில் அதை இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்போது அது வந்தது. முதலில் வடக்கே எங்கேயோ ஒரு முழக்கம். பிறகு அடுத்த தெரு, அதற்கடுத்த மாடி. ஒரு வீட்டு டிவியில் முன்னால் தெரிவது இன்னொரு வீட்டில் நாலு நொடி கழித்துத் தெரியும் போலிருக்கிறது. பால் பொங்கி ஏறுவதைப்போல் சத்தம் ஏறிக்கொண்டே வந்து அவளைத் தாண்டிப் போயிற்று. சங்குகள் ஊதின. பெண்கள் குலவையிட்டார்கள். எங்கோ வெடி வெடித்தது. சாவித்திரி நடுத்தெருவில் தனியாக நின்றாள். இவர்களில் ஒருவரும் அந்த நாட்டைப் பார்த்ததில்லை, அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த நாட்டுக்காக ஓர் ஊரே இப்படி அலறுமா என்று பிரமித்துப் போனாள். கராஜில் உட்கார்ந்திருந்தால் எழுபது பேரின் சத்தம்தான் கேட்டிருக்கும்.

கால்கள் தாமாகவே லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயின. பிளாட்பார பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர் பிமல் பாபு. அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக இருந்தார். இன்னொருத்தி புதுப்பெண் போலிருந்தாள். கையில் சங்கு வளையல், நெற்றி வகிட்டில் குங்குமம்.

"எந்த வண்டிக்கு டாக்டர்?" என்று கேட்டாள் சாவித்திரி.

"வண்டிக்கு இல்ல மா," என்றார் அவர். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களுமா?"

சாவித்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் அவர் நகர்ந்து இடம் விட்டார். தொண்ணூறிலிருந்து தன்னை வெளியேதான் வைத்திருக்கிறார்கள் என்றார்.

"தொண்ணூறுலயும் தோத்துது, ரெண்டாயிரத்துப் பதினாலுலயும் தோத்துது. நீங்க வெளில இருந்துமே?"

"உள்ள இருந்திருந்தா இன்னும் மோசமா தோத்திருக்கும்," என்றார் டாக்டர். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

புதுப்பெண்ணின் பெயர் மது. கல்யாணமாகிப் பத்து நாள். புகுந்த வீட்டில் முதல் தடவையாக டீத்தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது நெதர்லாந்து சமன் செய்துவிட்டதாம். "யாரும் ஒண்ணும் சொல்லல தீதி. மாமனார்தான், இன்னிக்குக் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாம்மான்னார்." சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

"அது நீயில்ல," என்றாள் சாவித்திரி. "அந்த கோலுக்கு நான் மாடிப்படியிலிருந்து எட்டிப் பாத்தேன். அது என் கணக்கு."

"நிஜமாவா?"

"எங்க கமிட்டியையே கேட்டுக்கோ."

மது மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சமயம் இரண்டாவது முழக்கம் வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே இருக்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், வேலை செய்வது நாம்தான் என்கிற கர்வம் மூன்று முகத்திலும் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஊர் வாயை மூடிக்கொண்டது. சத்தம் குறைந்தது என்று சொன்னால் போதாது. யாரோ குழாயை மூடியமாதிரி சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு முனகல், மறுபடியும் அதே மௌனம். எதிராளி இரண்டு கோலையும் திருப்பிவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மது தன் இரண்டு கைகளையும் காட்டி, "நான் போன் கொண்டுவரல, எதையும் பாக்கல," என்றாள். டாக்டர் வெறும் பையைத் தட்டிக் காட்டினார். சாவித்திரி தன்னிடமும் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு மறுபடி ஒரு முழக்கம், மறுபடி ஒரு மௌனம். தனக்கு நம்பிக்கை கிடையாது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த சாவித்திரி, விரல்களை மடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிளாட்பாரப் படியில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. ஸ்னேகா. முகத்துச் சாயம் கண்ணீரில் ஒழுகிக் கழுத்துவரை வந்திருந்தது.

"அம்மா, மூணு மூணு. பெனால்டி வந்துடுச்சு. வா, நீ வந்து பாரு."

"யார் சொல்லி அனுப்பினா?"

"யாரும் இல்ல. நீ இல்லாம என்னால பாக்க முடியலமா. தோத்தாலும் பரவால்ல, நீ வா."

சாவித்திரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். முப்பத்தாறு வருஷத்து ஆசை பத்து நிமிஷ நடையில் இருந்தது. எழுந்திருக்க மனசு வந்தது, கால் வரவில்லை. "வேண்டாம்டி. நான் உள்ள நுழைஞ்சு ஒரு கிக் தப்பித்துன்னா ஆயுசுக்கும் என்னால தாங்க முடியாது. நீ ஓடு, போய்ப் பாரு."

ஸ்னேகா படியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் சால்வைக்குள் நுழைந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் மௌனம். எதிராளி போட்டுவிட்டான். பிறகு முழக்கம், நம்மவன். அடுத்து எதிராளியின் முறை, அதற்கும் முழக்கம். "பிடிச்சுட்டான்," என்று டாக்டர் எழுந்து நின்றார். மறுபடி முழக்கம். நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து பஜ்பஜ் பக்கத்திலிருந்து எண்ணெய் டாங்கர்களை இழுத்துக்கொண்டு ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. பிளாட்பாரமே நடுங்கியது. ஊர் அழுகிறதா சிரிக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. டாங்கர் டாங்கராகப் போய்க்கொண்டே இருந்தது. மது காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் வந்த கார்டு வண்டியின் வாசலில் நின்றவர் விளக்கைத் தூக்கிக் காட்டி, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டே போனார். பதில் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

வண்டி போனபின் சத்தமே இல்லை. தோற்றுப்போன மௌனமா, மூச்சைப் பிடித்துக்கொண்ட மௌனமா, தெரியவில்லை. இத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊரில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கோயிலில் கதவு திறப்பதற்கு முன்னால் நிற்கிற மாதிரி சாவித்திரி நின்றாள். ஸ்னேகாவின் நகங்கள் அவள் கையில் பதிந்திருந்தன.

பிறகு ஊர் வெடித்தது. சங்கு, குலவை, தட்டு, வெடி, அழுகை எல்லாம் ஒன்றாக எழுந்து கூரையைத் தூக்கிவிடும்போல் இருந்தது. தூரத்தில் அந்தக் கூட்ஸ் வண்டி நீளமாக ஊதியது, நிறுத்தவே இல்லை. டாக்டர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைமாதிரி அழுதார். மதுவின் மாமனார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்து, "எங்க வீட்டு லட்சுமி," என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே ரஞ்சன் வந்தான். மூச்சு வாங்கியது.

"தீதி, இன்னும் கோப்பை குடுக்கல. சீக்கிரம் வாங்க. இனிமே ஒண்ணும் ஆகாது, ஆட்டம் முடிஞ்சுடுச்சு."

ஓடினார்கள். கராஜ் வாசலில் வழக்கம்போல் சாவித்திரியின் கால் நின்றது. எழுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சீதாராமன் தூக்கம் கலைந்து எழுந்து, தன் முன்வரிசை நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். திரையில் நீல வெள்ளைச் சட்டைகள் மேடையில் கூடியிருந்தன. கோப்பையை அப்போதுதான் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரஞ்சன் சந்தோஷத்தில் சீரியல் பல்பு, சவுண்ட் பாக்ஸ், மொட்டைமாடி விளக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டான். சாவித்திரி புதுப்பெண்ணைப்போல வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

மெயின் ட்ரிப் ஆயிற்று. திரை, பல்பு, பாட்டு எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன.

கும்மிருட்டு. எழுபது பேரும் இருட்டில் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த இருட்டுக்குள் அது வந்தது. வடக்கிலிருந்து, தெருத் தெருவாக, மாடி மாடியாக ஏறிக்கொண்டு வந்தது. அந்தக் கைகள் மேலே போய்விட்டன. எழுபது பேரும் முதல் தடவையாக அந்தச் சத்தத்தை வெளியிலிருந்து கேட்டார்கள். அது அவர்கள் தலைக்குமேலே ஏறித் தாண்டிப் போகிறவரை ஒருவரும் அசையவில்லை. மெயின் பெட்டி அருகில் நின்ற ரஞ்சன் சுவிட்சைத் தூக்கிவிடக்கூட மறந்திருந்தான்.

"தீதி," என்றான் மெதுவாக. "ஆட்டம் பூரா வெளில இப்படியா கேட்டுது?"

"ஆமா," என்றாள் சாவித்திரி. "கொஞ்சம் இரு. தெக்குப் பக்கம் இனிமேதான் வரும்."

எல்லோரும் அவளோடு நின்று காத்திருந்தார்கள்.