பினாங்குக்கு மூன்று மாத விசா

விசா வந்த அன்று முனாப் தன் சைக்கிள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தான். பாஸ்போர்ட்டை விரித்து, தங்கை பரிதாவின் கையில் கொடுத்தான். அவள் முதலில் பார்த்தது விசா முத்திரையை அல்ல, தன் போட்டோவைத்தான். காது தெரிய முக்காட்டைத் தள்ளச் சொல்லி ஸ்டுடியோக்காரர் கெஞ்சிக் கெஞ்சி எடுத்த படம் அது. அதில் வெட்கமும் கோபமுமாக முறைத்துக்கொண்டிருந்தாள்.

"முத்திரையைப் பாரு புள்ள. மூணு மாசத்துக்குள்ள போய்ச் சேரணுமாம்" என்றான் முனாப்.

பரிதாவுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதத்தில் அவள் கணவன் நசீருதீன் பினாங்குக்குக் கப்பல் ஏறினான். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. மூன்று வருஷமாக அவளைக் கூப்பிட்டுக்கொள்ள மனு மேல் மனு போட்டான். இங்கே போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்துப் போனார். அம்மை ஊசி போட்ட கை வீங்கி, பரிதா இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். எல்லாம் முடிந்து, 1969 தை மாதத்தில் விசா வந்தது.

தருமபுரியில் அவர்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் தன் காட்டில் விளைந்த ராகியை அரைத்துத் துணிப்பையில் கட்டி எடுத்து வந்தாள்.

"அங்க களி கிண்ட ராகி கெடைக்காதுன்னு உன் வூட்டுக்காரர் எழுதியிருந்தாரே, கொண்டுபோய்க் கிண்டிப் போடு. கப்பல்ல வாந்தி வருமாம், எலுமிச்சங்காய் எடுத்துக்க."

"அக்கா, எனக்கு அவரு மூஞ்சி சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. எறங்கினதும் அடையாளம் தெரியலைன்னா என்ன பண்றது?"

"அவரு உன்னைக் கண்டுபிடிச்சுக்குவாரு, போ" என்று தீர்த்தம்மாள் சிரித்தாள்.

மெட்ராசுக்குப் புறப்பட ஒரு வாரம் இருந்தபோது தந்தி வந்தது. நசீருதீன் காய்ச்சலில் இறந்துவிட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

முனாப் அதை மறைக்கவில்லை. மறைக்க அவனுக்குத் தெரியவும் இல்லை. வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பரிதா அழவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போய் இறக்கி வைத்தாள்.

மறுநாள் அவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தக் கொடுத்தார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். பரிதா உள் அறையில் உட்கார்ந்தாள். தன் விசாவில் மீதி இருந்தது இரண்டரை மாதம்கூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சில நாள் கழித்து முனாப் அறை வாசலில் வந்து நின்றான்.

"நான் கூட்டிக்கிட்டுப் போறேன் பரிதா. மெட்ராஸ் வரைக்கும் வந்து கப்பல் ஏத்திவுடறேன். அங்க நம்மூர்க்காரங்க இருக்காங்க. மச்சானை அடக்கம் பண்ணின கபரையாவது பார்த்துட்டு வா. ஊர்ல பேசறவங்க பேசிக்கட்டும், நான் பார்த்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அவருக்குன்னு நான் ஒரு வாய்ச் சோறு சரியா ஆக்கிப் போடலண்ணா. காய்ச்சல்ல கெடந்தப்போ ஒரு துணி நனைச்சுப் போடல. இப்ப அவருக்காக நான் செய்ய இருக்கறது இந்த இத்தா ஒண்ணுதான். அதையும் பாதியில வுட்டுட்டு அங்க போய் எப்படி நிப்பேன்?"

"அப்ப விசா?"

"நாள் தள்ளிக் கொடுப்பாங்களான்னு எழுதிக் கேளுங்க."

முனாப் எழுதிக் கேட்டான். கணவன் உயிரோடு இல்லாததால் இந்த விசாவே இனிச் செல்லாது, அங்கே குடியிருக்கும் சொந்தக்காரர் யாராவது புதிதாக மனுச் செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. அங்கே அவளுக்குச் சொந்தம் என்று நசீருதீனைத் தவிர யாரும் இல்லை. பதிலைக் கேட்டுவிட்டு, "சரிண்ணா" என்று மட்டும் சொன்னாள் பரிதா.

இத்தா முடிந்தது. அவள் மறுபடி சமைத்தாள், தண்ணீர் எடுத்தாள், தீர்த்தம்மாளோடு பேசினாள். பினாங்கு என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பாலக்கோட்டிலிருந்து பக்ருதீன் என்பவர் வந்தார். பினாங்கில் நசீருதீனோடு ஒரே கடையில் வேலை செய்தவர், லீவில் ஊருக்கு வந்திருந்தார். அவரை முனாப் நாற்காலியில் உட்காரவைத்தான். பரிதா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"அவரைக் கடைசியாக் குளிப்பாட்டினது யாருங்க?" என்று கேட்டாள்.

"நான்தாங்க. இன்னும் ரெண்டு பேரு. நல்லபடியா பண்ணினோம்."

"அடக்கத்துக்குக் கூட்டம் வந்துச்சுங்களா?"

"கடைத்தெரு பூரா வந்துச்சுங்க. நல்ல மழை. யாரும் கலைஞ்சு போகல."

"கடைசியில என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

பக்ருதீன் முனாப்பைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொய் சொல்லக் கூடாதுங்க. கடைசி மூணு நாள் அவருக்கு நெனவே இல்ல. ஆனா அதுக்கு முந்தி பூரா உங்க பேச்சுதாங்க. விசா கெடைச்சது தெரிஞ்சதும் கடைக்குப் பின்னால ஒரு ரூம் பிடிச்சாரு. நானும் அவரும்தான் வெள்ளை அடிச்சோம். பாதி சுவர் முடிச்சப்போதான் காய்ச்சல் வந்து படுத்தாரு."

பரிதா திரையை ஒட்டி வந்து நின்றாள்.

"ஜன்னல் இருந்துச்சுங்களா?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. எட்டிப் பார்த்தா கடல் தெரியும்."

"இப்ப அங்க யாரு இருக்காங்க?"

"ஒரு சீனக் குடும்பங்க. கைக்குழந்தை இருக்குது."

"மீதிச் சுவருக்கு வெள்ளை அடிச்சுட்டாங்களா?"

"அடிச்சுட்டாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றாள் பரிதா.

உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது. தந்தி வந்த நாளிலிருந்து முனாப் அதைக் கேட்டதில்லை. பக்ருதீன் பதறி எழுந்தார். முனாப் அவர் கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தான்.

"வுட்டுடுங்க, அழட்டும்" என்றான்.