இருபத்தைந்து அங்குலம்

அத்தையின் சக்கர நாற்காலி இருபத்தைந்து அங்குல அகலம். நான் தையல்காரி. அளவு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனாலும் அன்று காலையிலிருந்து ஊரே அதற்கு முயன்றுகொண்டிருந்தது.

ஒன்பது நாட்களுக்கு முன் அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் புகுந்தது. அவளையும் மாமாவையும் படகில் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் விட்டார்கள். அங்கே கழிப்பறைக்கு நாலு படி. இரண்டு பெண்கள் அத்தையைத் தூக்கிப் போய் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்த இடமில்லாததால் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஆச்சா பாட்டி, ஆச்சா?" என்பார்கள். போஸ்ட்மாஸ்டராக ஒரு தபால் நிலையத்தையே அதட்டி வைத்திருந்தவள் அத்தை. தண்ணீர் குடிப்பதையே பாதியாகக் குறைத்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது, அன்று சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணனுக்குத் தரைத்தளம், மூன்று படுக்கையறை. அவனைப் படிக்க வைத்ததே அத்தைதான். போன் செய்தேன்.

"இப்பதாம்மா புது டைல்ஸ் போட்டோம். சக்கரம் பட்டா கீறல் விழும். நீ நல்ல ரூமா பாரு. என்ன உதவின்னாலும் கூச்சப்படாம கேளு."

அதைத்தானே கேட்டேன், மடையா! இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். அந்த மடத்தைச் சும்மா கொடுத்தாலும் அத்தை எட்டிப் பார்க்க மாட்டாள்.

ஒரு வேனில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதல் விடுதிக்காரர் போனில், "படியே இல்லீங்க, தரைத்தளம்" என்று சத்தியம் செய்திருந்தார். போனால் ஐந்து படி.

"இதெல்லாம் ஒரு படியா மேடம்? நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிடலாம்."

"நாலு பேரு தூக்குற நாள் வரும். அன்னிக்கி நான் வாயே தெறக்க மாட்டேன்" என்றாள் அத்தை. "இன்னிக்கி வேணாம்."

இரண்டாவது இடத்தில் சாய்தளம் இருந்தது. கண்துடைப்புக்குக் கட்டியது, அதன் உச்சியில் ஒரு பூந்தொட்டி. குளியலறைக் கதவை அளந்தேன். இருபத்தொன்று.

"நாற்காலிய மடக்கினா போயிருமே?" என்றார் அந்த அறிவாளி.

"போகும். அத்தைய எப்படி மடக்கறது?"

"பரவாயில்லம்மா, ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் மாமா. வாக்கரைப் பிடித்து நிற்கும் மனிதரைத் திட்டக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். இவர் பரவாயில்லை என்று சொன்னபோதெல்லாம் அட்ஜஸ்ட் செய்தவள் அத்தைதான்.

மூன்றாவது விடுதியின் வாசலில் சக்கர நாற்காலிப் படமே வரைந்திருந்தது. மணி நாலரை. மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"ரூம் இருக்குங்க. ஆனா ஸ்டோரா வெச்சிருக்கோம். யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன். சாவி குடுங்க."

உள்ளே பழைய மெத்தைகள், ஓடாத மின்விசிறிகள், மேனேஜரின் சொந்த சைக்கிள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் வராந்தாவில் தள்ளினேன். "மேடம், மேடம்" என்று பின்னாலேயே வந்தாரே தவிர ஒரு தலையணையைக்கூடத் தொடவில்லை. குளியலறைக் கதவு முப்பத்திரண்டு அங்குலம். சுவரில் கைப்பிடி, அதன்மேல் நாலு விரல் தூசி. கழுவித் துடைத்தேன்.

அத்தை சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். எதிலும் இடிக்கவில்லை. தாழ்ப்பாள் விழுந்தது.

அண்ணன் கூப்பிட்டான். "கெடச்சிருச்சா? நான்தான் சொன்னேன்ல, மனசு வெச்சாக் கெடைக்கும்னு."

ஆமாம், மனசு. அவன் எதை வைத்தான்? போனை அணைத்தேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை. மாமா வாக்கரைத் தள்ளிக்கொண்டு கதவருகே வந்துவிட்டார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கதவைத் தட்டினேன்.

"அத்தை, என்ன பண்றீங்க? நான் வரட்டுமா?"

"ஒண்ணும் பண்ணல. வேலை எப்பவோ முடிஞ்சுது. சும்மா உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் போடி."