கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

“கதவைச் சாத்தாதீங்க!” என்று கத்திக்கொண்டே ஆவணக் காப்பகத்துக்குள் பாய்ந்தார் கான்ட்ராக்டர். பின்னாலேயே நிதானமாக அவர் மனைவி.

நாளைக் காலை கடைத்தெருவுக்கு அந்தக் காலத்துத் துணி வியாபாரி ஒருவரின் பெயரைச் சூட்டுகிறார்கள். பலகையைத் திறப்பவர், வியாபாரியின் எள்ளுப்பேரன் என்று சொல்லிக்கொள்ளும் நம் கான்ட்ராக்டர். போஸ்டரெல்லாம் ஒட்டியாயிற்று. ஆதாரம்? வியாபாரியின் உயிலில், கடைசிப் பக்கத்தில், இவருடைய கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து. அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து, சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிற்க வைத்துக் காட்டுவார். முழு உயிலும் இன்றைக்குள் வேண்டும் என்று நகராட்சி திடீரென்று கழுத்தில் கத்தி வைத்துவிட்டது.

காப்பகத்துக் கிளார்க் அம்மாள் பழைய உயில்களின் கட்டை அவிழ்த்தார்.

“எது சார் உங்க ஆளு?”

“இதோ! பாருங்க, என்ன கம்பீரம்!”

“இது சாட்சிக் கையெழுத்து சார்.”

“இருக்கட்டுமே. அப்பா உயிலுக்குப் பையன் சாட்சி. வேற யார் போடுவா?”

“சொத்து கிடைக்கப் போறவங்களைச் சாட்சியா போட மாட்டாங்க சார். மகனா இருந்தா பேரு உள்ள இருக்கும். உள்ள ‘எனக்கு ஒரே மகள்’னு எழுதியிருக்கார். உங்காளு பேருக்குப் பக்கத்துல ‘அண்டை வீட்டுக்காரர்’னு போட்டிருக்கு.”

கான்ட்ராக்டர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

“அப்போ நம்ம ஹால்ல தொங்கறது பக்கத்து வீட்டுக்காரர் பெருமையா?” என்றாள் மனைவி.

“நீ கொஞ்சம் சும்மா இருக்கியா!” குரலைத் தாழ்த்திக்கொண்டு கிளார்க்கிடம் குனிந்தார். “அம்மா, இது நமக்குள்ளயே இருக்கட்டும். அந்த மகளோட வாரிசுன்னு எவனாவது நாளைக்கு மேடையில வந்து நின்னா என் மானம் கப்பலேறிடும். யாருன்னு பாத்துச் சொல்லுங்க, நானே போய்ச் சரிக்கட்டிடறேன்.”

மகளும் உயில் எழுதியிருந்தாள்; அதுவும் அதே கட்டுக்குள் இருந்தது. தையல் மெஷினும் ஓட்டு வீடும் பேத்திக்கு. கிளார்க் அதை மனசுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“போன மாசம்தான் இதை ஒருத்தங்க நகல் வாங்கிட்டுப் போனாங்க. அவங்களையே கேளுங்க.”

“எங்க இருக்காங்க?”

கிளார்க்கின் விரல் அவர் தோளுக்குப் பின்னால் நீண்டது.

“அந்த மகளோட பேத்தி எங்க அம்மாதாங்க,” என்றாள் மனைவி. “முழு உயிலையும் உங்ககிட்ட கேக்கச் சொல்லி நகராட்சில எழுதிக் குடுத்தது நான்.”