மருந்துக்கடைக்கு அப்பால்

அம்மாவின் தலைமுடியில் சிக்கு எடுத்துக்கொண்டே, தோளில் இடுக்கிய போனில் அண்ணனின் வக்கீல் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. அம்மாவின் உயிர் போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த மனுஷனுக்கு என்ன அவசரம்!

"உங்க அண்ணன் தெருமுனை மருந்துக்கடைகிட்ட நிக்கிறார். அதத் தாண்டினா ஜாமீன் போச்சு. அண்ணி இருக்கிற வீட்டுக்கு நூறு மீட்டருக்குள்ள வரக்கூடாதுன்னு ஆர்டர்."

"அண்ணி எங்க போவாங்க சார்? அம்மாவப் பார்த்துக்கிட்டதே அவங்கதான்."

"ஆட்சேபணை இல்லன்னு அவங்க ஒரு கையெழுத்து போட்டா, கோர்ட்ல அனுமதி கேக்கலாம்."

கூடத்தில் மாமாவும் அதையே சொல்லி அண்ணியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். "பெத்தவ முகத்தப் பார்க்கத் துடிக்கிறான். விட்டுக்கொடும்மா." மூன்று வாரமாக அண்ணியின் வலக்கையில் மாவுக்கட்டு. அந்தக் கை உடைந்ததுதான் வழக்கே. அந்தக் கையிலேயே பேனாவைத் திணித்தார் மாமா. அட கடவுளே, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. எலும்பு முறிவு, நிரூபிச்சா மூணு வருஷம் உள்ள. ஆனா பார்த்த சாட்சி உங்க அம்மா மட்டும்தான். இனி அந்த வாக்குமூலம் நிக்காது. உங்க அண்ணி மாடிப்படியில தவறி விழுந்தாங்கன்னு சொல்லிடலாம். நீங்க போலீஸ்ல சொன்னதையே கோர்ட்ல சொல்லுங்க, போதும்."

சமையலறையில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. போலீஸில் அவள் சொன்னது அதுதான், கூடப்பிறந்தவன் ஆயிற்றே என்று. அன்றிலிருந்து அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனிக் கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, பாதி அண்ணன் மேல், பாதி தன் மேல்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். சமையலறையிலதான் இருந்தேன். கதவு திறந்திருந்துச்சு. அண்ணன் கையப் பிடிச்சு முறுக்கினத என் கண்ணால பார்த்தேன்."

"அம்மா போன துக்கத்துல ஏதோ பேசுறீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"மூணு வாரமா யோசிச்சாச்சு. கோர்ட்ல இதத்தான் சொல்லுவேன். அவன்கிட்டயும் சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருமுனையில் அண்ணன் போனைக் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.